நிரல் நடையைக் கருவியிடம் ஒப்படைப்பது எப்படி: சிறு மென்பொருள் அணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் இயங்கும் எங்கள் அணி, மணலியிலும் மாதவரத்திலும் உள்ள கன்டெய்னர் யார்டுகளுக்கும் துறைமுகத்தைச் சார்ந்த கிளியரிங் ஏஜென்டுகளுக்கும் மென்பொருள் எழுதுகிறது. அணியில் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையின் பெரிய நிறுவனம் ஒன்றில் ஜாவா எழுதிப் பழகியவர். இன்னொருவர் திருவொற்றியூரில் வீட்டிலிருந்தபடியே பைத்தான் கற்றுக்கொண்டவர். வேறொருவர் வியாசர்பாடியிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த பிறகே ஜாவாஸ்கிரிப்டைத் தொட்டவர். அடைப்புக்குறியை அதே வரியில் திறப்பதா அடுத்த வரியிலா, ஒற்றை மேற்கோள் குறியா இரட்டையா, இரண்டு இடைவெளியா நான்கா என்பதில் ஆளுக்கொரு பழக்கம் இருக்கும். இவற்றில் எதுவும் தவறன்று. ஆனால் நான்கு பேர் கை பட்ட ஒரே கோப்பில் நான்கு நடைகள் கலந்துவிட்டால், ஒருவர் ஒரு வரியைத் திருத்தும்போது அவருடைய எடிட்டர் இருநூறு வரிகளின் இடைவெளியையும் சேர்த்து மாற்றிவிடும். அந்த மாற்றத்தைச் சரிபார்க்கும் ரிவ்யூ செய்பவருக்கோ அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்று தேடுவதே முழு வேலையாகிவிடும்.

எந்த நடையைத் தேர்கிறீர்கள் என்பதைவிட, அதை ஒருமுறை தேர்ந்து மனிதர் கையிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுவதே முக்கியம். ஆனால் அப்படி எடுக்கும் வரிசை தவறினால் பழைய வரலாறு மங்கும், நடந்துகொண்டிருக்கும் வேலை சிக்கிக்கொள்ளும். ஆகவே இந்த வழிகாட்டியில் கருவியின் பெயரைவிட வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

ஃபார்மேட்டர், லின்ட்டர், மனித ரிவ்யூ ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஃபார்மேட்டர் நிரலைப் படித்து, அதன் இலக்கண அமைப்பை ஒரு மரமாகக் கட்டிக்கொண்டு, பழைய இடைவெளிகளைப் பெரும்பாலும் மறந்துவிட்டு, அந்த மரத்திலிருந்து வரிகளைப் புதிதாக எழுதித் தருகிறது. பயன்படாத மாறி, எப்போதும் உண்மையாகவே இருக்கும் நிபந்தனை போன்ற சந்தேகத்துக்குரியவற்றைச் சுட்டுவது லின்ட்டரின் வேலை. பெயர் பொருந்துகிறதா, இந்தச் செயற்கூறு இங்கே இருக்க வேண்டுமா என்பவற்றை மனிதர்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் ஒரே கருவியில் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் நெடுநாள் இருந்தது. 2023 அக்டோபரில் ஜாவாஸ்கிரிப்டின் லின்ட்டரான ஈஎஸ்லின்ட் தன்னிடமிருந்த இடைவெளி, கமா போன்ற வடிவ விதிகளைக் கைவிடப்போவதாக அறிவித்ததற்குப் பின்னால் இந்தப் பிரிவினைதான் இருக்கிறது.

வடிவம் வெறும் அழகு சார்ந்தது என்று எண்ணுபவர்கள் 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புப் பிழையைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் சி நிரலில், அடைப்புக்குறி இல்லாத ஒரு நிபந்தனைக்குக் கீழே 'கோட்டு ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை இருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால் இரண்டும் நிபந்தனைக்குள் இருப்பதாகக் கண் நம்பியது; உண்மையில் இரண்டாவது வரி எப்போதும் இயங்கி, அதற்குக் கீழே இருந்த சரிபார்ப்பு முழுவதையும் தாண்டிச் சென்றது. ஃபார்மேட்டர் அந்தப் பிழையைத் திருத்தியிருக்காது. ஆனால் இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்து வைத்து, அது நிபந்தனைக்கு வெளியே இருப்பதைக் காட்டிக் கொடுத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'ரிட்டர்ன்' என்று எழுதி மதிப்பை அடுத்த வரியில் வைத்தாலும் இதே கதைதான்: மொழி அந்த இடத்தில் தானாக அரைப்புள்ளி போட்டுக்கொள்ளும், ஜாவாஸ்கிரிப்டின் ஃபார்மேட்டரான ப்ரிட்டியர் இரண்டையும் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரித்து எழுதும்போது பிழை கண்ணுக்குத் தெரியும்.

முதல் படி: கருவியைத் தேர்தல்

2009-இல் கோ மொழி வெளிவந்தபோதே கோஃபெம்ட் என்ற ஃபார்மேட்டரும் அதனுடன் வந்தது. மாற்றிக்கொள்ள அதில் நடைத் தெரிவுகள் எதுவும் இல்லை. பலருக்கு அதன் நடை பிடித்திருக்கவில்லை என்றாலும், விவாதிக்கவே இடமில்லாததால் அந்த மொழிக்காரர்கள் அந்த விவாதத்திலேயே நேரம் செலவிடவில்லை. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-இல் வந்த ப்ரிட்டியரும், பைத்தானுக்கு 2018-இல் வந்த பிளாக்கும் தெரிவுகளை வேண்டுமென்றே குறைவாக வைத்து அதே வழியில் சென்றன. ரஸ்டில் எழுதப்பட்ட ரஃப், பிளாக்கின் நடையை ஏறக்குறைய அப்படியே பின்பற்றி மிக வேகமாக ஓடுகிறது. புதிதாகத் தொடங்கும் பைத்தான் அணிக்கு நான் அதையே சொல்வேன். சி, சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்களுக்கு உள்ள கிளாங்-ஃபார்மட்டில் தெரிவுகள் ஏராளம். அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகத் தொடங்காதீர்கள். கூகுள் நடை, எல்எல்விஎம் நடை என்று அதில் ஏற்கெனவே உள்ள ஆயத்த நடைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்ந்த கருவியின் பதிப்பு எண்ணைத் துல்லியமாகப் பூட்டி வைக்க வேண்டும். 'இதற்கு மேல் எந்தப் பதிப்பும் சரி' என்று எழுதினால், ஒருவர் கணினியில் ஒரு பதிப்பும் இன்னொருவர் கணினியில் மற்றொன்றும் ஓடி, அதே கோப்பு இருவருக்கும் இடையே மாறி மாறி அடிபடும். எடிட்டர் நீட்சிகள் சில தமக்குள்ளேயே ஒரு பதிப்பை வைத்திருக்கும் என்பதால், திட்டத்தில் நிறுவிய பதிப்பையே எடுத்துக்கொள்ளும்படி அவற்றின் அமைப்பையும் சரிபாருங்கள்.

இரண்டாம் படி: முடிவு செய்ய வேண்டிய சிலவற்றை மட்டும் முடிவு செய்தல்

வரி நீளம், உள்தள்ளல், வரி முடிவுக் குறி ஆகிய மூன்றை மட்டும் அணி பேசித் தீர்மானித்தால் போதும். மற்றவற்றுக்குக் கருவியின் இயல்பான அமைப்பையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வரி நீளத்தில் 80 என்ற எண் 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 நெடுவரிசைத் துளை அட்டையிலிருந்து முனையத் திரைகளுக்கு வந்து சேர்ந்தது. 2001-இல் எழுதப்பட்ட பைத்தானின் பெப் 8 நடைக் கையேடு 79 என்கிறது. பிளாக் 88-ஐயும் ப்ரிட்டியர் 80-ஐயும் இயல்பாகக் கொள்கின்றன. லினக்ஸ் கர்னலில் 2020-ஆம் ஆண்டு எச்சரிக்கை எல்லையை 100-ஆக உயர்த்தினார்கள். மடிக்கணினித் திரையில் பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரிவ்யூ செய்பவர்களுக்கு 100-க்கு மேல் போவது வேதனை. 80-இலிருந்து 100-க்குள் எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

உள்தள்ளலில் மட்டும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள நிரலாளர்களுக்கு டேப் பெரிதும் உதவுகிறது. பிரெய்ல் காட்சிக் கருவியில் நான்கு இடைவெளி நான்கு கட்டங்களைத் தின்றுவிடும், டேப் என்றால் ஒரே கட்டத்தில் முடியும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களும் டேப்பின் அகலத்தைத் தம் வசதிக்குக் குறைத்துக்கொள்ளலாம். அணியில் அப்படி ஒருவர் இருந்தால், அல்லது நாளை வரக்கூடும் என்று எண்ணினால், மொழியின் மரபைவிட அவருடைய தேவைக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: அடித்தளக் கோப்புகள்

ஃபார்மேட்டரை ஓட்டுவதற்கு முன்பே இரண்டு சிறிய கோப்புகளைச் சேர்த்துவிடுங்கள். எடிட்டர்கான்ஃபிக் கோப்பு, எந்த எடிட்டரைத் திறந்தாலும் உள்தள்ளல், எழுத்துக் குறியாக்கம், கோப்பின் கடைசி வரி முடிவு ஆகியவை ஒன்றாக இருக்கச் செய்யும். நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியின் அட்ரிப்யூட்ஸ் கோப்பு வரி முடிவுகளைக் கவனித்துக்கொள்ளும். விண்டோஸ் கணினிகள் வரி முடிவில் இரண்டு குறிகளை இடுகின்றன, லினக்ஸ் ஒன்றை மட்டும் இடுகிறது. இரண்டும் கலந்து பயன்படும் அணியில் இந்த வேறுபாடு மட்டுமே முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டப் போதுமானது. உரைக் கோப்புகள் யாவற்றையும் கிட்டின் களஞ்சியத்துக்குள் ஒற்றைக் குறியுடன் வைக்கும்படி அட்ரிப்யூட்ஸில் எழுதி, 'கிட் ஆட்' கட்டளையில் உள்ள 'ரீநார்மலைஸ்' தெரிவைக் கொண்டு ஒருமுறை சீராக்கித் தனிக் கமிட்டாக, அதாவது வரலாற்றில் தனியாகப் பதியும் ஒரு மாற்றமாக, போடுங்கள்.

நான்காம் படி: பெரிய கமிட்

முழு நிரலையும் ஒரே மூச்சில் மாற்றுவதா, தொடும் கோப்புகளை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டு போவதா என்பதில் இரு தரப்பு உண்டு. நான் முதல் தரப்பு. சிறிது சிறிதாக மாற்றினால் ஒவ்வொரு பிழைத் திருத்தத்தோடும் வடிவ மாற்றம் ஒட்டிக்கொண்டே வரும். எந்த வேலையை ஒழிக்கக் கருவியைக் கொண்டுவந்தோமோ அதுவே ஆண்டுக்கணக்கில் தொடரும்.

நாளைத் தேர்வதில் வாடிக்கையாளரின் வேலை நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். கன்டெய்னர் யார்டின் கேட் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மூடுவதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும்போது கேட் என்ட்ரித் திரை நின்றுவிட்டால் அந்த நிமிடமே திருத்தம் போயாக வேண்டும். ஆகையால் 'யாரும் வேலை செய்யாத நாள்' என்று ஒன்றைத் தேடுவதைவிட, ஒரு வெளியீடு முடிந்து நிலைபெற்ற உடனே இந்த வேலையைச் செய்வது நல்லது. வாடிக்கையாளரிடம் ஓடும் பதிப்புக்குத் தனி பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) வைத்திருந்தால், அதே கருவியை அதே பதிப்போடு அந்த பிராஞ்சிலும் ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் முதன்மைக் கிளையில் செய்த அவசரத் திருத்தத்தை அங்கே செர்ரி-பிக் செய்யும், அதாவது அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்துச் சேர்க்கும், ஒவ்வொரு முறையும் மோதல் வரும்.

இந்தக் கமிட்டில் கருவி செய்த மாற்றத்தைத் தவிர மனிதக் கை பட்ட ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. அமைப்புக் கோப்புகளை முந்தைய கமிட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். எந்தக் கட்டளையை, எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்பதைக் கமிட் செய்தியில் எழுதுங்கள். சந்தேகப்படுபவர் அதே கட்டளையை ஓட்டி, அதே விளைவு வருகிறதா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் ரிவ்யூ செய்வதைவிட இதுவே நம்பகமானது.

நிரலின் பொருள் மாறவில்லை என்பதையும் சோதிக்க வேண்டும். பிளாக், தான் எழுதியதை மீண்டும் படித்து, முன்பிருந்த இலக்கண மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கோப்பைச் சேமிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சுருக்கிய பில்டை (இயங்கத் தயாரான கோப்பை) எடுத்து ஒப்பிட்டால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வேறுபடும் இடங்களை மட்டும் திறந்து பாருங்கள். பைத்தானில் செயற்கூறின் விளக்கவுரையில் உள்ள இடைவெளிகளையும் பிளாக் சீராக்கும் என்பதால், அந்த உரையைத் திரையில் உதவிக் குறிப்பாகக் காட்டும் நிரல் இருந்தால் அதைத் தனியாகச் சோதியுங்கள்.

ஐந்தாம் படி: பாதியில் நிற்கும் வேலைகளைக் காப்பாற்றுதல்

பெரிய கமிட் போன பிறகு பழைய பிராஞ்சை நேராக மெர்ஜ் செய்தால் (இணைத்தால்) எங்கு பார்த்தாலும் மோதலாக வரும். அணிகள் இந்த முயற்சியை அஞ்சிக் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் இதற்கு ஒழுங்கான வழி உண்டு.

முதலில், பெரிய கமிட்டுக்குச் சரியாக முந்தைய கமிட்டை உங்கள் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்யுங்கள். இந்த இடத்தில் மோதல் வந்தால் அது உண்மையான மோதல். அதைக் கையால் தீருங்கள். பிறகு புதிய கருவியையும் அமைப்பையும் கொண்டு உங்கள் பிராஞ்ச் முழுவதையும் ஃபார்மட் செய்து கமிட் செய்யுங்கள். மூன்றாவதாக, பெரிய கமிட்டை 'அவர்ஸ்' என்ற உத்தியுடன் மெர்ஜ் செய்யுங்கள். அதாவது, இரு பக்கமும் சந்தித்துவிட்டன என்று கிட் பதிந்துகொள்ளும், கோப்புகளோ உங்கள் பக்கத்தில் இருந்தபடியே இருக்கும். உங்கள் பக்கம் ஏற்கெனவே முழுவதும் ஃபார்மட் ஆகிவிட்டதால் இதில் எதுவும் தொலைவதில்லை. கடைசியாக, முதன்மைக் கிளையில் அதன் பிறகு வந்தவற்றை வழக்கம்போல மெர்ஜ் செய்துகொள்ளுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் ஃபார்மட் ஆகாத கோப்புகள் மெர்ஜ் ஆனதாகப் பதிவாகிவிடும்.

ஆறாம் படி: வரலாற்றை மீட்டல்

'இந்த வரியை எழுதியது யார், ஏன்' என்று கிட் பிளேமில் தேடும்போது எல்லா வரிகளுக்கும் பெரிய கமிட்டே விடையாக வருவது பழைய அணிகளின் நியாயமான அச்சம். 2019 ஆகஸ்டில் வெளிவந்த கிட் 2.23 இதைத் தீர்த்துவிட்டது. புறக்கணிக்க வேண்டிய கமிட்களின் அடையாள எண்களைச் சுருக்காமல் ஒரு கோப்பில் எழுதி, அதைப் பயன்படுத்துமாறு கிட்டின் அமைப்பில் சொல்லிவிட்டால், பிளேம் அந்தக் கமிட்களைத் தாண்டிப் பின்னால் உள்ள உண்மையான ஆசிரியரைக் காட்டும். கிட்ஹப்பும் 2022 முதல், வழக்கமான பெயரில் வைத்த அந்தக் கோப்பைத் தானாகவே மதிக்கிறது. அவரவர் கணினியில் இந்த அமைப்பை ஒருமுறை செய்ய வேண்டியிருப்பதால், புதியவர் சேரும்போது ஓட்டும் தொடக்க ஸ்கிரிப்டிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: மூன்று வாசல்கள்

எடிட்டரில் சேமிக்கும்போதே ஃபார்மட் ஆவது முதல் வாசல். நாள் முழுவதும் எழுதுபவருக்கு உண்மையான சுகம் அதில்தான் இருக்கிறது. கமிட் செய்யும்போது தானாக ஓடும் ஹூக் என்ற சிறு ஸ்கிரிப்ட் இரண்டாவது. இது மாற்றப்பட்ட கோப்புகளை மட்டும் பார்த்துச் சில நொடிகளில் முடிய வேண்டும். நீண்டால் ஆட்கள் அதைத் தவிர்க்க வழி தேடுவார்கள், 'நோ-வெரிஃபை' என்ற ஒரு சொல்லில் தவிர்த்துவிடவும் முடியும். எனவே தவிர்க்கவே முடியாத மூன்றாவது வாசல் சிஐ, அதாவது வந்து சேரும் மாற்றங்களைச் சர்வரில் தானாகச் சோதிக்கும் அமைப்பு. அங்கே கருவியைச் சரிபார்க்கும் முறையில் மட்டும் ஓட்டுங்கள்: வடிவம் பொருந்தவில்லை என்றால் பில்ட் தோற்க வேண்டும், தானாகத் திருத்திக் கமிட் போடக் கூடாது. எழுதியவர் கையில் இல்லாத ஒரு கமிட் அவருடைய பிராஞ்சில் முளைத்தால் அடுத்த புஷ்ஷில் அவருக்குத்தான் சிக்கல்.

எட்டாம் படி: விலக்குகள்

கருவி உருவாக்கிய கோப்புகள், வெளியிலிருந்து அப்படியே எடுத்து வைத்த நூலகங்கள், சுருக்கிய கோப்புகள் ஆகியவற்றைப் புறக்கணிப்புப் பட்டியலில் போடுங்கள். இவற்றைத் தவிர, கையால் விலக்கு அளிக்கத் தகுந்த இடங்கள் மிகச் சில.

எங்கள் வேலையில் அப்படி ஒன்று உண்டு. கன்டெய்னர் எண் ஐஎஸ்ஓ 6346 தரத்தின்படி நான்கு எழுத்து, ஆறு இலக்கம், இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என 11 இடங்கள் கொண்டது. எழுத்துகளுக்கு ஏ 10, பி 12 என்று மதிப்பு தொடங்கும்; 11, 22, 33 ஆகிய 11-இன் மடங்குகளைத் தாண்டிச் சென்று இசட் 38-இல் முடியும். முதல் பத்து இடங்களையும் 1, 2, 4 என இரட்டித்து 512 வரை போகும் எடைகளால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதியே சரிபார்ப்பு இலக்கம். மீதி 10 என்றால் 0. இந்த மதிப்பு அட்டவணையை, மடங்குகள் தாண்டப்படும் இடங்களில் வரி முறியும்படி அடுக்கி வைத்தால், எந்த எழுத்துக்குப் பின் எண் குதிக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ஃபார்மேட்டரோ 26 மதிப்புகளையும் வரிக்கு ஒன்றாக நீட்டிவிடும். இங்கே ஃபார்மட்டை நிறுத்தும் குறிப்பை அட்டவணைக்கு மேலும், மீண்டும் தொடங்கும் குறிப்பை அதற்குக் கீழும் இடுவது நியாயமானது. ஏன் நிறுத்தினோம் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுவதும் கட்டாயம்.

தமிழ் உரை கலந்த நிரலுக்குத் தனிக் கவனம் தேவை. 'தண்டையார்பேட்டை' என்பது நம் கணக்கில் எட்டு எழுத்து. யூனிகோடில் 15 குறிகள். கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 45 பைட். வரி நீளத்தை எதை வைத்து அளப்பது என்பதில் கருவிக்குக் கருவி கணக்கு மாறுவதால், திரையில் எல்லைக்குள் தெரியும் வரி உடைக்கப்படலாம், எல்லை தாண்டிய வரி தப்பலாம். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், இடைவெளி விட்டு நெடுவரிசையாக அடுக்கும் முயற்சியும் எடிட்டரில் நிலைக்காது. தமிழ்ச் செய்திகளைத் தனி மொழிபெயர்ப்புக் கோப்புக்கு நகர்த்திவிடுவதே சிறந்த தீர்வு. இன்னொன்று: 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒப்பிடும்போது இரண்டும் வேறு. சரங்களுக்குள் (நிரலில் மேற்கோள் குறிக்குள் வரும் உரைக்குள்) இருக்கும் எழுத்தை ஃபார்மேட்டர் தொடாது, தொடவும் கூடாது. ஓட்டுநர் பெயரையோ ஊர்ப் பெயரையோ உள்ளே வாங்கும் இடத்தில் யூனிகோட் சீராக்கத்தை நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

ஒன்பதாம் படி: ரிவ்யூவின் வழக்கத்தை மாற்றுதல்

கருவி ஏற்றுக்கொண்ட வடிவத்தைப் பற்றி ரிவ்யூவில் யாரும் கருத்து எழுதக் கூடாது என்பதை அணியின் விதியாக வையுங்கள். பிடிக்காத ஒன்று இருந்தால் அமைப்பை மாற்றும் தனிக் கோரிக்கையாக வைக்கலாம். அதை ஏற்றால் முழு நிரலும் மாறும், ஏற்காவிட்டால் பேச்சு அங்கே முடியும். மூத்தவர்கள் இதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். ஆனால் இதன் பலன் இளையவர்களின் குரலில் தெரியும். மேலே சொன்ன சரிபார்ப்பு இலக்கச் செயற்கூறின் ரிவ்யூவில் எங்கள் அணியின் இளைய உறுப்பினர் மூத்தவரிடம் சொன்னது: "அண்ணா, கமா, ஸ்பேஸ் எல்லாம் டூல் பாத்துக்கும். இந்த லூப் பதினோராவது டிஜிட்டையும் சேத்துக் கூட்டுதே, அதப் பாருங்க." அந்த நிரல் வடிவத்தில் குறையே இல்லாமல்தான் இருந்தது. இப்படிப்பட்ட பிழைகளைப் பார்க்கத்தான் மனிதக் கண் தேவை.

பத்தாம் படி: கருவியைப் புதுப்பித்தல்

ஃபார்மேட்டரின் புதிய பதிப்பு நடையையும் சிறிது மாற்றும். பிளாக் தன் நிலையான நடையில் செய்யும் மாற்றங்களை ஆண்டின் முதல் வெளியீட்டுக்கு என்று ஒதுக்கி வைக்கிறது. 2023-இல் வந்த ப்ரிட்டியர் 3.0, பல வரிப் பட்டியல்களின் கடைசியில் இயன்ற இடமெல்லாம் கமா இடுவதை இயல்பாக்கியது. அந்தக் கமா வரவேற்கத்தக்கது, ஏனெனில் அடுத்து ஓர் உறுப்பைச் சேர்க்கும்போது ஒரே ஒரு வரி மட்டும் மாறியதாகக் காட்டும். எனினும் இத்தகைய மாற்றம் மற்ற நூலகங்களின் புதுப்பிப்போடு கலந்து உள்ளே நுழையக் கூடாது. பதிப்பு எண்ணை ஒரு கமிட்டில் உயர்த்துங்கள், கருவியை ஓட்டிய விளைவை அடுத்த கமிட்டில் தனியாகப் போடுங்கள், வாடிக்கையாளர் பிராஞ்சிலும் அதையே செய்யுங்கள், இரு பிராஞ்சிலும் கருவியை ஓட்டிய கமிட்களின் எண்களைப் பிளேம் புறக்கணிக்கும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.